விசாரிக்கப் போன இடம்

தோர்ண்டன் ஹீத்
24 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சீனப் பெருஞ்சுவரில் தொப்பியோடு நிற்கும் படத்தை மேனுஷா எனக்குக் காட்டினாள். "மாமாவைப் பாருங்கோம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிக்கிறார்" என்று சிரித்தாள். நீங்கள் வெறும் சுற்றுலாவுக்குத்தான் போயிருக்கிறீர்கள் என்று இன்னும் நம்புகிறாள். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு லேசான காரியமாக இல்லை.

உங்களோடு வந்த சுற்றுலாக் கூட்டம் வியாழக்கிழமை லண்டன் திரும்புகிறது. நீங்கள் அவர்களை விட்டுவிட்டு மேனுஷா கட்ட நிற்கிற வெய்யின் ஊருக்குப் போங்கள். குய்யாங் வரைக்கும் விரைவு ரயில், அதன் பிறகு பஸ் என்று உங்கள் மகன் ஆரணன் இணையத்தில் பார்த்துச் சொன்னதை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரு பயணி மாதிரிப் போய்த் தங்குங்கள். யார் என்று சொல்ல வேண்டாம். எங்கள் ஊரில் எப்படி விசாரிப்போமோ அப்படி அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

எனக்குச் சீனன், தமிழன் என்பதெல்லாம் பிரச்சினை இல்லை. அந்தப் பொடியன் நல்லவன் என்றுதான் எனக்கும் படுகிறது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் குடும்பத்தில் அந்த வருத்தம் யாருக்காவது இருக்கிறதா? பத்து வருடம் அந்த நோயோடு கட்டிய மனிதரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் இழுத்துத் திரிந்தவள் நான். என் மகளை அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப மாட்டேன்.

தொலைபேசி வேண்டாம். அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள், எங்கள் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று உங்களுக்குத் தெரியும். எழுதிப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். நான் ஷிப்டில் சாப்பாட்டு நேரம் வாசிப்பேன். வாயால் சொன்னதைப் பிறகு மாற்றிச் சொல்லலாம். எழுதியதை மாற்ற ஏலாது. இது உங்களுக்குப் புது வேலையும் இல்லை.

தங்கை
சிவனேஸ்வரி


யுன்யா கிராமம்
30 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ரயில் மின்னல் மாதிரி வந்தது. பஸ் அப்படி வரவில்லை. இரண்டரை மணித்தியாலம் வளைந்து வளைந்து ஏறியதில் என் குடல் இன்னும் கீழே எங்கேயோ ஒரு வளைவில் நிற்கிறது. மலைச் சரிவில் எழுபது எண்பது மரவீடுகள், கீழே படிப்படியாக வயல், எல்லாவற்றுக்கும் மேலே பனிப்புகார். வடிவான இடம். மூட்டு வருத்தம் உள்ளவன் வரக்கூடாத இடம்.

நீ சொன்னபடியே விசாரணையைத் தொடங்கினேன். ஊரில் என்றால் சலூனிலும் சைக்கிள் கடையிலும் ஒரு மணித்தியாலம் இருந்தால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வெளியே வந்துவிடும். இங்கே சலூன் இல்லை, ஒரே ஒரு கடைதான். பிடிக்காத சிகரெட்டில் ஒரு பெட்டி வாங்கி, வாசலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த கிழவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினேன். நான் இங்கிலீசில் சொன்னால் கைத்தொலைபேசி சீனத்தில் சொல்கிறது. யாங் வெய் என்று லண்டனில் இருக்கிற பொடியனுடைய வீட்டார் எப்படி என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். நல்ல குடும்பம் என்றார்கள். இன்னொருவரிடம் கேட்டேன், நல்ல குடும்பம். நான் தங்கியிருக்கிற விடுதிக்காரப் பெண்மணியிடமும் கேட்டேன், மிக நல்ல குடும்பம் என்றா.

பொழுதுபடுவதற்குள் வெய்யின் தாய் கையில் உயிர்க்கோழியோடு விடுதி வாசலில் வந்து நிற்கிறா!

தங்கச்சி, இந்த ஊரில் எல்லாரும் யாங். ஒருவர் தப்பாமல் ஒரே குடும்பம். கடை வாசலில் இருந்தவர்களில் ஒருவர் வெய்யின் பெரியப்பா, மற்றவர் பாட்டனின் தம்பி. விடுதிக்காரி அவனுக்குச் சொந்த மாமி, தகப்பனின் கூடப்பிறந்தவ. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடமே போய் இரகசியமாக விசாரித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மேனுஷாவின் படம் அவர்களிடம் இருக்கிறது. "நீங்கள் பொம்பிளைப் பக்கமோ?" என்று தாய் கேட்டா. நான் மானத்தை விட்டு, பெண்ணின் தாய்மாமன் என்று சொன்னேன்.

அதன் பிறகு நடந்ததைக் கேள். இங்கேயும் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதையாம். என்னைச் சாப்பாட்டு மேசையின் உச்சியில் இருத்தி, கோழித் தலையை என் கோப்பையில் வைத்தார்கள். புளிப்புக் குழம்பில் மீன், எங்கள் மிளகாயைத் தோற்கடிக்கிற உறைப்பு. விசாரிக்க வந்ததற்காக ஒருவரும் கோபிக்கவில்லை. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் விசாரிக்காமல் விட்டால்தான் யோசிக்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். நான் போகும் வரைக்கும் வெய்யிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள்.

தாய் நல்ல உழைப்பாளி. பெரிதாகச் சிரிக்க மாட்டா, ஆனால் பார்வை நேராக இருக்கிறது. ஒரு தங்கை கீழே பட்டணத்தில் ஆசிரியை. தகப்பன் சின்ன வயதிலேயே காலமாகிவிட்டதாக வெய் சொன்னது உனக்குத் தெரியும். நல்ல இடம், ஒரு குறையும் இல்லை.

அண்ணை
பாலேந்திரா


தோர்ண்டன் ஹீத்
31 மார்ச் 2025

அண்ணை,

"நல்ல இடம், ஒரு குறையும் இல்லை." இந்த வரியை நீங்கள் 1992-ஆம் ஆண்டு ஐப்பசியில் அப்பாவுக்கு எழுதினீர்கள். அப்பா அதை எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார், எனக்கு அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. ஒரு சொல் மாறாமல் அதையே என் மகளுக்கும் எழுதுகிறீர்களே, உங்களுக்குக் கை கூசவில்லையா?

கோழித் தலையைத் தின்றுவிட்டுச் சான்றிதழ் எழுத நான் உங்களை அனுப்பவில்லை. தகப்பன் எதனால் இறந்தார்? எத்தனை வயதில்? ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா? இதைக் கேட்காமல் வேறு என்னத்தை விசாரித்தீர்கள்? சின்ன வயதில் காலமாகிவிட்டார் என்று இரண்டு சொல்லில் ஒரு மனிதரை முடித்தால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் முடிப்பேன்.

மேனுஷா ஆவணிக் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வேண்டும் என்கிறாள். நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. உங்களுடைய எழுத்துக்காகத்தான் நிற்கிறேன்.

சிவனேஸ்வரி


யுன்யா
5 ஏப்ரல் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை ஷிப்டில் வைத்து வாசிக்காதே. எங்கேயாவது தனியாக இருந்து வாசி.

நேற்று இவர்களுடைய கல்லறை துப்புரவாக்குகிற நாள். வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாம் வந்து, முன்னோரின் கல்லறை மேட்டில் புல்லுப் பிடுங்கி, புது மண் போட்டு, காகிதம் எரித்துப் படைப்பார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள். பாட்டன், பூட்டன், பிள்ளை இல்லாமல் இறந்த ஒரு சின்னப்பா, ஒவ்வொரு மேடாகக் கும்பிட்டுக்கொண்டு மலையைச் சுற்றினோம். எல்லாம் முடிந்து சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். தகப்பனின் மேட்டுக்கு மட்டும் போகவில்லை. உன்னுடைய கேள்வி என் சட்டைப் பைக்குள் இருந்தது. நான் தாயிடம் போய், வெய்யின் அப்பாவுக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும், அவருடைய இடம் எது என்று கேட்டேன்.

கைத்தொலைபேசி அதைச் சீனத்தில் சொன்னதும் அவ்வளவு பேரும் அப்படியே நின்றார்கள். தாய் என் பக்கம் திரும்பினா. "அவர் செத்துப் போனார் எண்டு என்ர மகனோ சொன்னவன்?" என்று கேட்டா. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஓம் என்றேன். அவ கையில் இருந்த கூடையை வைத்துவிட்டு, "வாங்கோ, காட்டுறன்" என்று முன்னால் நடந்தா.

ஊருக்கு மேலே தனியாக ஒரு வீடு. கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு மனிதர் மர வாங்கில் இருந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும், வெய்யின் அதே நெற்றி. எங்களைப் பார்க்காமல் ஒரு பக்கமாகத் திரும்பிச் சுவரோடு மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதையின் சத்தம் எனக்குத் தெரியும், தங்கச்சி. உனக்கும் தெரியும். மொழி வேறாக இருந்தாலும் அது அதே சத்தம்தான். இருபத்தைந்து வருடமாக இப்படியாம். மாதம் ஒருமுறை கீழேயிருந்து மருந்து வருகிறது. ஊரில் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். நல்ல நாட்களில் வயலுக்கும் வருவாராம். போகும்போது அவர் என் கையைப் பிடித்து உடைத்த கடலையை அள்ளித் தந்தார்.

நான் இப்போது சொல்லப்போவதை முப்பத்திரண்டு வருடத்துக்கு முதல் சொல்லியிருக்க வேண்டும்.

1992-இல் உனக்குப் பேசிய செல்வரத்தினத்தின் ஊருக்கு நான் சைக்கிளில் போனேன். வீட்டின் பின்பக்கம் ஒரு அறை வெளியால் பூட்டிக் கிடந்தது. உள்ளே ஒருவர் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப. அது செல்வரத்தினத்தின் தகப்பன். அவர் கொழும்பில் இருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கிணற்றடியில் ஒரு மனுசி எல்லாவற்றையும் சொன்னா, தகப்பனுக்கு மட்டும் இல்லை, தகப்பனின் தமையனுக்கும் இருந்தது என்று. நான் வேலை பார்த்த ஊருக்குச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து அப்பாவுக்கு அந்த ஒற்றை வரியை எழுதினேன்.

குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம். உன்னை வெளியே எடுக்க அதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை லண்டனில் நல்லாக இருக்கிறார், அவருக்கு வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது வருடம் வரவும் இல்லை. பிறகு வந்தது.

இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும்போது வெய்யின் தாய் என்னிடம் கேட்டா: "பொம்பிளையின்ர அப்பா என்னத்தில செத்தவர்?" அவவுக்கும் கேட்க உரிமை இருக்கிறதுதானே. நாளை மறுநாள் பெரியவர்கள் கூடும் சாப்பாட்டில் சொல்கிறேன் என்று தப்பிவிட்டேன். என்ன சொல்லட்டும்?

அண்ணை


தோர்ண்டன் ஹீத்
6 ஏப்ரல் 2025

அண்ணை,

எனக்குத் தெரியும். செல்வரத்தினம் இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டு அவருடைய சித்தி சொன்னா. "உன்ர அண்ணை எல்லாம் பாத்திட்டுத்தானே பிள்ளை போனவர்" என்று. பதினான்கு வருடம். ஒவ்வொரு தீபாவளிக்கும் நீங்கள் பலகாரப் பெட்டியோடு படியேறி வரும்போது இன்றைக்குச் சொல்வார், இன்றைக்குச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கவுன்சிலின் குப்பைத் தொட்டியைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போவீர்கள்.

வேறு ஆள் இல்லாமலா உங்களை அனுப்பினேன்? ஆரணன் போயிருப்பான், இளம் ஆள். திரும்பவும் அதே இடத்தில் நிறுத்தினால் என்ன செய்வீர்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் கடிதத்தைப் பார்த்ததும் நெஞ்சு எரிந்தது. இரண்டாவது கடிதத்தைக் குளியலறைக்குள் போயிருந்து வாசித்தேன். கூட வேலை செய்கிற கிளறிற்றா கதவைத் தட்டி, "அக்கா, என்ன செய்யுது?" என்று கேட்கும் மட்டும் அங்கேயே இருந்தேன்.

குண்டு விழுந்தது என்கிறீர்கள். நானும் அந்தக் குண்டுக்குள்தான் இருந்தேன். எனக்கு இருபத்தைந்து வயது. நீங்கள் வந்து, "இப்படி இருக்குது, என்ன செய்வம்?" என்று கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அவரைக் கட்டியிருப்பேனோ மாட்டேனோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் விடவில்லை. அவருக்கு வருத்தம் வந்த நேரம் இது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. மூன்று வருடம் பேயென்றும் செய்வினையென்றும் கோயில் கோயிலாகத் திரிந்தேன். முதல் நாளே தெரிந்திருந்தால் முதல் நாளே டொக்டரிடம் போயிருப்பேன். அந்த மூன்று வருடத்தைத்தான் என்னால் மறக்க ஏலாமல் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் ஒரே வருத்தம் என்றால் பிறக்கிற பிள்ளைகளுக்கு என்ன? அந்தப் பொடியன் உயிரோடு இருக்கிற தகப்பனைக் கொன்றே விட்டானே. அவனை எப்படி நம்புவது? இதை நான் மேனுஷாவுக்கு எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. இரண்டு நாள் தாருங்கள்.

அவர்கள் கேட்டால் இதய வருத்தம் என்று சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொன்னோம். மேனுஷாவும் வெய்யிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். அவர் தன்னுடைய உயிரைத் தானே எடுத்துக்கொண்டார் என்று ஒரு சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்ல வேண்டாம். என் பிள்ளையை அந்த வீட்டில் ஒருவரும் ஒரு மாதிரிப் பார்க்கக் கூடாது. சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்குங்கள்.

சிவனேஸ்வரி


யுன்யா
8 ஏப்ரல் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ சொன்னதைச் செய்யவில்லை.

உன்னுடைய கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஐந்தாவது தரம் வாசித்திருந்தால் இதயம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதனால் நிறுத்திவிட்டேன். நேற்று மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். என்னை மறுபடியும் உச்சியில் இருத்தினார்கள். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செல்வரத்தினத்துக்கு என்ன வருத்தம், எத்தனை வருடம், எப்படி முடிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு வசனமாகச் சொல்ல வேண்டும், அது சீனத்தில் சொல்லி முடிக்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எல்லாருடைய முகமும் மாறுவது தெரிந்தது. 1992-இல் நான் என்ன பார்த்தேன், என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். அதை ஒருவரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன். உன்னிடம் என்ன முகத்தோடு வந்து நிற்பேன் என்று யோசித்துக்கொண்டு இருந்தேன்.

வெய்யின் தாய்தான் கதைக்கத் தொடங்கினா. அவ இந்த ஊர் இல்லையாம், இரண்டு மலை தள்ளி. இவர்கள் பக்கத்தை அவவுக்காகவும் ஒருவர் விசாரித்துச் சொன்னவராம், அவவுடைய சொந்தத் தாய்மாமன். "மாமா எல்லாம் தெரிஞ்சுதான் என்னை இஞ்ச விட்டவர்" என்றா. அந்த மாமா சாகும் மட்டும் அவ அவரோடு கதைக்கவில்லை. அவருடைய மேடு எங்கே என்று தெரிந்தும் ஒரு வருடமும் புல்லுப் பிடுங்கப் போகவில்லையாம்.

பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டா. கைத்தொலைபேசி அதை ஒரு உணர்ச்சியும் இல்லாத குரலில் சொன்னது. "உங்கட தங்கச்சி உங்களை மன்னிச்சவவோ?"

தங்கச்சி, எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில், முன்பின் தெரியாத பதினொரு பேருக்கு முன்னால். எனக்குத் தெரியாது, அவவிடம் எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவ தலையாட்டினா. அந்தப் பதில் வரும் மட்டும் என்னை ஊரைவிட்டு விட மாட்டா என்று படுகிறது.

இன்னொரு விஷயம். நேற்றிரவே மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஏசிவிட்டா. அவ கத்தியது எனக்கு மாடியில் கேட்டது; தகப்பனை எப்போது புதைத்தாய் என்று கேட்டதாக விடுதிக்காரி பிறகு கைத்தொலைபேசி வழியாகச் சொன்னா. ஆகவே இது மேனுஷாவிடம் வந்துவிட்டிருக்கும். நீ சொல்ல முதல் முந்திவிட்டதற்கு என்னை ஏசு.

அண்ணை


தோர்ண்டன் ஹீத்
12 ஏப்ரல் 2025

அண்ணை,

உங்களை ஏச எனக்கு நேரம் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மேனுஷா வேலையால் வந்து மேல்சட்டையையும் கழற்றாமல் நின்றாள். வெய் குரோய்டன் டிராம் தரிப்பில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். தகப்பன் உயிரோடு இருக்கிறார் என்பது அவளுக்கும் தெரியாது. "அம்மா, நீங்களும் மாமாவும் களவாப் போய் விசாரிச்சிருக்கிறியள். அவன் என்னட்டப் பொய் சொல்லியிருக்கிறான். நான் அவனட்ட அப்பாக்கு ஹார்ட் அட்டாக் எண்டு சொல்லியிருக்கிறன். இதில நான் ஆரோட கோவிக்கிறது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அறைக்குள் போனவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் நான் கதவைத் தட்டிப் போய் அவளுடைய கட்டிலில் இருந்தேன். பூட்டிய அறையில் தொடங்கி அவளுடைய அப்பாவின் கடைசி நாள் வரைக்கும் சொன்னேன். அவளுக்குப் பதினாறு வயதில் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன், கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவள் கேட்டாள்: "தெரிஞ்சிருந்தா அப்பாவைக் கட்டியிருப்பீங்களோ?" தெரியாது என்றேன். "நான் இருந்திருக்க மாட்டன்" என்றாள்.

டொக்டரிடம் போய்ப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவர்கள் ஏதோ சதவீதம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெய்யோடு என்ன முடிவு என்றும் சொல்லவில்லை. "அவன்ர அப்பாவைப் பாக்க வேணும்" என்று மட்டும் சொன்னாள். வருகிற செவ்வாய்க்கிழமை ஹீத்ரோவிலிருந்து வெளிக்கிடுகிறாள், தனியாக. வெய் தானும் வருகிறேன் என்று கெஞ்சினான், இப்போது வேண்டாம், பிறகு வா என்றுவிட்டாள். விமானச் சீட்டை மேசையில் பார்த்தேன். மறிக்க வாய் வந்தது, மறிக்கவில்லை.

நீங்கள் அங்கேயே நில்லுங்கள். பஸ் வந்து நிற்கிற இடத்தில் போய் அவளுடைய பெட்டியை வாங்குங்கள், மேல் வீட்டுக்கு வழியைக் காட்டுங்கள். கதவு வரைக்கும் போனால் போதும், உள்ளே போக வேண்டாம். வெய்யின் தகப்பன் எப்படி, நல்லவரா, பயப்பட வேண்டுமா என்று நீங்கள் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அவள் கேட்டாலும் சொல்லக் கூடாது. அவளே பார்க்கட்டும். அவள் ஓம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் நான் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

இனி அந்த அம்மாவின் கேள்வி. நாலு நாளாக என்னோடு இருக்கிறது. சமைக்கும்போதும் அதுதான், பஸ்ஸிலும் அதுதான். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கும் ஆறுதல், அவவுக்கும் ஆறுதல், கடிதமும் வடிவாக முடியும். ஆனால் எழுதியதை மாற்ற ஏலாது என்று உங்களுக்குச் சொன்னவளே நான்தான்.

மன்னிக்கவில்லை என்று சொல்லுங்கள். அவ மாமாவோடு கதைக்காமல் விட்டது போல நான் உங்களோடு கதைக்காமல் விடப்போவதில்லை என்பதையும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லாதீர்கள்.

தங்கை
சிவனேஸ்வரி